ஏனுங்க டாக்டர், இது கேன்சருங்களா?

இந்தத் தடவை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. செக்கப் பேக்கேஜ் சிலவற்றில் இப்போது ரத்தத்திலுள்ள புரதத்தைப் பிரித்துப் பார்க்கும் டெஸ்டையும் சேர்த்துவிடுகிறார்கள். அதில் ‘எம் பேண்ட்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் வீடே கலங்கிப் போகிறது. ஆகவே மூட்டுவலி, சர்க்கரை, கொழுப்புக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: எனக்கு 61 வயது. மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, காலையில் மாட்டுக்குத் தீனி போட்டு, தோட்டத்துக்குத் தண்ணி கட்டிவிட்டுத்தான் சாப்பாடு. மகன் கட்டாயப்படுத்தியதால் ஃபுல் பாடி செக்கப் எடுத்தேன். எம் பேண்ட் 0.6 கிராம் என்று வந்திருக்கிறது. லேப்பில் இருந்த தம்பி, ரத்தப் புற்றுநோய் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். பதினைந்து நாளாகத் தூக்கமில்லை. ஏனுங்க டாக்டர், இது கேன்சருங்களா?
(கோபிசெட்டிபாளையம்)

பதில்: இல்லீங்க ஐயா, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது கேன்சர் இல்லை. இன்று ராத்திரி தூங்குங்கள்.

நம் எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் இருக்கின்றன. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதங்களைச் செய்வது அவைதான். ஒவ்வொரு செல் குடும்பமும் ஒவ்வொரு விதமான புரதத்தைச் செய்யும். சோமனூர்ப் பக்கம் ஆயிரம் தறி ஓடுகிறது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ரகம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவர் மட்டும் தன் ஒரு தறியை நூறாக்கி ஒரே ரகத்தையே நெய்து குவித்தால் சந்தையில் அந்த ரகம் மட்டும் தனியாகக் கண்ணில் படும் இல்லையா, எம் புரதமும் அப்படித்தான். ஒரு செல் குடும்பம் கொஞ்சம் பெருகிவிட்டது, அது செய்யும் ஒரே புரதம் ரத்தத்தில் சேர்ந்திருக்கிறது.

ரிப்போர்ட்டில் ஒரு கோட்டுப் படம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். இடது பக்கம் ஒற்றைப் பனைமரம்போல் உயரமாக நிற்பது அல்புமின். அதை அடுத்து ஆல்ஃபா ஒன்று, ஆல்ஃபா இரண்டு, பீட்டா என்று சின்னச் சின்ன மேடுகள். கடைசியில் வலது பக்கம் அகலமாகச் சரிந்து கிடப்பது காமா, நம் ஊர்க் கரடு மாதிரி. பெரும்பாலும் அந்தக் கரட்டின் மேல்தான், செல்போன் டவர் நட்டதுபோல் ஒல்லியாக ஒரு கூர் எழுந்திருக்கும், அதுதான் எம் பேண்ட். கூர் இல்லாமல் கரடே மொத்தமாக உப்பியிருந்தால் அது வேறு சங்கதி. டிபி, கல்லீரல் கோளாறு, முடக்குவாதம், நாள்பட்ட தொற்று என்று பலவற்றிலும் அப்படி வரும், எல்லாத் தறிகளும் ஒன்றாக வேகம் பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பயந்து வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எம் புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, மஜ்ஜையில் பிளாஸ்மா செல் 10 சதவீதத்துக்குக் கீழே, எலும்பு, சிறுநீரகம், ரத்த அளவு, கால்சியம் எதிலும் கேடு இல்லை என்றால் அதற்கு எம்.ஜி.யு.எஸ். என்று பெயர். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த ராபர்ட் கைல் என்ற மருத்துவர் 1978-ல் வைத்த பெயர் அது. ‘ஒரே வகைப் புரதம் இருக்கிறது, அதன் பொருள் இன்னதென்று தீர்மானமாகவில்லை’ என்பதுதான் அந்தப் பெயரின் சாரம். அதற்கு முன்பு இதைத் தீங்கற்றது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைல் தன் நோயாளிகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தபோது சிலருக்கு மட்டும் அது மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயாகவோ அதை ஒட்டிய நோய்களாகவோ மாறுவதைக் கண்டார். தீங்கற்றது என்று சத்தியம் செய்யவும் முடியாது, நோய் என்று சொல்லவும் முடியாது, அதனால் அப்படியொரு பெயர். எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். தெரியாததைத் தெரியாது என்று பெயரிலேயே எழுதி வைத்த நேர்மை மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

மாறும் வேகம் எவ்வளவு? 100 பேருக்கு இது இருந்தால் வருடத்துக்குச் சுமார் ஒருவருக்கு மாறுகிறது. மற்ற 99 பேரும் அந்த வருடத்தை எப்போதும்போலக் கழிக்கிறார்கள். அதிலும் எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. அளவு 1.5 கிராமுக்குக் கீழே, புரதத்தின் வகை ஐஜிஜி, ஃப்ரீ லைட் செயின் என்ற இன்னொரு டெஸ்டில் விகிதம் சரியாக இருக்கிறது என்றால், 20 வருடத்தில் 100-ல் 5 பேருக்குத்தான் மாறுகிறது. மூன்றுமே மோசமாக இருந்தால் அதே 20 வருடத்தில் 58 பேர். உங்களுக்கு அளவு 0.6 தான், முதல் படியைத் தாண்டியாகிவிட்டது. மீதி இரண்டையும் பார்த்துவிடலாம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஒரு ஃபிசிஷியனையோ ரத்தநோய் மருத்துவரையோ ஒருமுறை பாருங்கள். ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின், கால்சியம், ஃப்ரீ லைட் செயின், புரதம் எந்த வகை என்று சொல்லும் இம்யூனோஃபிக்சேஷன் ஆகியவற்றைப் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக இருந்து நீங்கள் அந்தக் குறைந்த ஆபத்துக் கூட்டத்தில் இருந்தால் மஜ்ஜையில் ஊசி போட்டு எடுக்கவே வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து ஒருமுறை பார்த்துவிட்டு, அப்படியே நின்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். மாத்திரை கிடையாது, பத்தியம் கிடையாது. தண்ணி கட்டப் போகலாம்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் சார்பில் வருடா வருடம் மருத்துவ முகாம் நடத்துகிறோம். இந்த வருடம் 40 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேருக்கு இந்தப் புரத டெஸ்டை இலவசமாக எடுக்கலாம் என்று ஒரு யோசனை. பணம் கொடுக்க ஆள் தயார். கேன்சரை முன்கூட்டியே கண்டுபிடித்தால் நல்லதுதானே?
(திருப்பூர்)

பதில்: உங்கள் மனசு பெரியது. ஆனாலும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விதான் மற்ற எல்லாக் கடிதங்களுக்கும் வேர்.

கைல் குழுவினர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் ஆல்ம்ஸ்டெட் கவுண்டியில் 50 வயதைத் தாண்டிய 21,463 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள், 2006-ல் முடிவு வெளிவந்தது. 694 பேருக்கு இந்தப் புரதம் இருந்தது, அதாவது 3.2 சதவீதம். வயது ஏற ஏற இன்னும் கூடுகிறது, 70-க்கு மேல் 5.3 சதவீதம். இதே அளவு நம் பக்கமும் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு, 50 வயது தாண்டிய ஆயிரம் பேரை உங்கள் முகாமுக்குக் கூட்டி வருவோம். சுமார் 30 பேருக்கு எம் பேண்ட் வரும். அந்த 30 பேரில் ஒருவருக்கு அது நோயாக மாற ஏறத்தாழ மூன்று வருடம் ஆகும். அந்த ஒருவர் யார் என்று முகாம் நாளில் யாருக்கும் தெரியாது. 30 பேர் கையிலும் அந்தக் காகிதத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவீர்கள்.

அந்தக் காகிதம் என்ன செய்யும் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். தறிப்பட்டறை வைத்திருந்த ஒருவர், அப்போது 54 வயது இருக்கும், வேறு எதற்கோ எடுத்த டெஸ்டில் 0.4 கிராம் வந்தது. ஒரு பெரிய மருத்துவமனையில் ஒரே வருடத்தில் இரண்டு தடவை மஜ்ஜையில் ஊசி, உடம்பு முழுக்க ஸ்கேன், மாதாமாதம் ரத்தம். என்னிடம் வந்தபோது மஞ்சப்பையில் இருந்து நாற்பது பக்கக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கட்டம் போட்ட பக்கத்தில் ஒவ்வொரு மாத அளவையும் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்து, அளவுகோலால் கோடு இழுத்திருந்தார். 0.4, 0.4, 0.5, 0.4. அந்த 0.5 வந்த மாதம் மகளுடைய நிச்சயத்தைத் தள்ளி வைத்திருக்கிறார். லேப் மெஷினின் வழக்கமான ஏற்ற இறக்கம் அது, அவ்வளவுதான் விஷயம். பட்டறையில் பாதித் தறியைக் கொடுத்துவிட்டார். பதினோரு வருடம் கழித்து இன்றும் அவருக்கு அதே 0.4 தான், ஆனால் அந்த முதல் இரண்டு வருடத்தை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவருக்கு வந்த கெடுதல் எதுவும் அந்தப் புரதத்தால் வரவில்லை.

‘முன்கூட்டியே கண்டுபிடித்தவர்கள் அதிக நாள் இருக்கிறார்களே’ என்று சிலர் கேட்பார்கள். இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. சத்தியமங்கலத்தில் இருந்து கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில் ஒருவர் சத்தியிலேயே ஏறுகிறார், இன்னொருவர் புளியம்பட்டியில் ஏறுகிறார். இரண்டு பேரும் கோவையில் இறங்கும் நேரம் ஒன்றுதான். சத்தியில் ஏறியவர் பஸ்ஸில் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதால் அவர் பயணம் நன்றாக அமைந்தது என்று சொல்ல முடியுமா? நோயை ஐந்து வருடம் முன்பே கண்டுபிடித்து, முடிவை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் இருந்தால், நோயாளியாக வாழ்ந்த ஐந்து வருடம்தான் கூடுதல்.

தென் கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே செக்கப்போடு சேர்த்துக் கழுத்தில் தைராய்டு ஸ்கேனையும் எடுத்தார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட வீதம் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு ஆனது. அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் வீதம் மட்டும் மாறவே இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் தைராய்டை எடுத்துவிட்டுக் காலம் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஜப்பானில் கைக்குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து ஒருவகைப் புற்றுநோயைத் தேடினார்கள். நாடு முழுக்க இருபது வருடம் போல நடத்திவிட்டு, தானாகவே கரைந்து போகக்கூடிய கட்டிகளுக்கும் குழந்தைகளை அறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்த பிறகு நிறுத்தினார்கள்.

ஆரோக்கியமாக இருப்பவர்களைச் சோதிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதிக் கொடுத்த நெறிகள் இன்றைக்கும் பொருந்தும். அதில் முக்கியமானது, கண்டுபிடித்த பிறகு செய்வதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு சிகிச்சை இருக்க வேண்டும் என்பது. 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்களே, அதில் அர்த்தம் இருக்கிறது. பிரஷர் கூடுதல் என்றால் மறுநாளே மாத்திரை இருக்கிறது, பக்கவாதம் குறைகிறது. எம்.ஜி.யு.எஸ்.ஸுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? அடுத்த டெஸ்டுக்கான சீட்டு மட்டும்தான்.

அந்தப் பணத்தை வைத்து பனியன் கம்பெனிப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் பாருங்கள், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள், புகையிலை போடுபவர்களின் வாயைத் திறந்து பார்க்க ஒரு பல் மருத்துவரை உட்கார வையுங்கள். இதில் ஒவ்வொன்றிலும் ஓர் உயிரோ ஒரு தாடையோ தப்பும்.

கேள்வி: ஐஸ்லாந்தில் நாட்டு மக்கள் எல்லோருக்கும் இந்த டெஸ்டை எடுத்ததாகப் படித்தேன். அவர்கள் முட்டாள்களா? நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?
(சரவணம்பட்டி, கோவை)

பதில்: முட்டாள்கள் இல்லை தம்பி, மிகவும் கெட்டிக்காரர்கள். அவர்கள் செய்தது முகாம் அல்ல, ஆராய்ச்சி. இந்த வித்தியாசத்தைச் செய்திகளில் விட்டுவிடுகிறார்கள்.

ஐஸ்லாந்தின் மொத்த ஜனத்தொகையே சுமார் 4 லட்சம்தான், திருப்பூர் மாநகராட்சியில் பாதிகூட வராது. 2016-ல் 40 வயதைத் தாண்டிய எல்லோரையும் அழைத்தார்கள். 80 ஆயிரம் பேருக்கு மேல் சம்மதம் கொடுத்தார்கள், சுமார் 75 ஆயிரம் பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டது. எம் புரதம் இருந்தவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவை வழக்கமான முறைப்படி தொடர்ந்து பார்த்தார்கள், இன்னொரு பிரிவை அதைவிடத் தீவிரமாகப் பார்த்தார்கள். மீதி ஒரு பிரிவு இருக்கிறதே, அவர்களுக்கு முடிவைச் சொல்லவே இல்லை. அதற்கும் அவர்கள் முன்கூட்டியே சம்மதித்திருந்தார்கள். ஏன் அப்படி? சொல்வதால் நன்மையா, சொல்லாமல் விடுவதால் நன்மையா என்பதைத்தான் அவர்கள் அளக்கிறார்கள். விடை தெரிந்திருந்தால் ஒரு பிரிவுக்குச் சொல்லாமல் விட எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதித்திருக்காது.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லா மைலோமாவுக்கும் முன்னால் இந்த எம்.ஜி.யு.எஸ். கட்டம் இருக்கிறது என்று 2009-ல் வெளியான ஆய்வுகள் காட்டின, ஆகவே தேடும் ஆசை இயல்பானது. ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2015-ல் வந்த ஓர் ஆய்வில், எம்.ஜி.யு.எஸ். இருப்பது முன்பே தெரிந்திருந்தவர்கள் மைலோமா வந்த பிறகு நடுமட்டமாக 2.8 வருடமும் மற்றவர்கள் 2.1 வருடமும் இருந்தார்கள். அது எனக்கும் ஒரு யோசனையைக் கொடுத்தது. ஆனால் அது பதிவேட்டுக் கணக்கு, குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல, நான் சொன்ன பஸ் மயக்கம் அதற்குள் எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். அப்புறம், எம்.ஜி.யு.எஸ்.ஸுக்கும் மைலோமாவுக்கும் நடுவில் ‘புகையும் மைலோமா’ என்று ஒரு கட்டம் உண்டு, அதற்கு முதல் ஐந்து வருடம் ஆபத்து வருடத்துக்கு 10 சதவீதம். அதில் ஆபத்து மிகுந்தவர்களுக்கு டாராடுமுமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. ஐந்து வருட முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் மருந்து வாங்கியவர்களில் 63 சதவீதம், வாங்காதவர்களில் 41 சதவீதம். நல்ல செய்திதான். இப்படி மருந்துகள் வர வர என் பதிலும் ஒருநாள் மாறலாம். மாறினால் இதே பக்கத்தில் எழுதுவேன். இன்றைக்கு, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத உங்களுக்கும் உங்கள் நண்பர்களுக்கும் இந்த டெஸ்ட் வேண்டாம்.

கேள்வி: முப்பது வருடமாக மருந்து அடிக்கிறேன். பூச்சிமருந்தால் இந்தப் புரதம் வரும் என்கிறார்களே, நான் டெஸ்ட் எடுக்க வேண்டாமா?
(தாராபுரம்)

பதில்: நீங்கள் கேட்டதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து அடிப்பதற்கு உரிமம் பெற்ற ஆண்களைப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஊர்ப் பொதுமக்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பேருக்கு எம்.ஜி.யு.எஸ். இருந்தது. டைல்ட்ரின், குளோரோதலோனில் போன்ற சில மருந்துகளோடு தொடர்பு அதிகமாகத் தெரிந்தது. டைல்ட்ரின் நம் நாட்டில் தடையாகிவிட்டது, குளோரோதலோனில் பூஞ்சணத்துக்கு அடிப்பது. வியட்நாம் போரில் களைக்கொல்லி தெளித்த அமெரிக்க விமானப்படையினரிடமும் இது கூடுதலாக இருந்ததாக 2015-ல் கண்டார்கள்.

இரண்டு மடங்கு என்றாலும் 100-ல் ஆறு ஏழு பேர், அவர்களிலும் வருடத்துக்கு ஒரு சதவீதம் போலத்தான். டெஸ்ட் எடுப்பதால் அந்த முப்பது வருடம் கழுவிப் போகாது. இனி அடிக்கப் போகும் மருந்து மேலே படாமல் பாருங்கள். கையால் கலக்காதீர்கள், குச்சி வைத்துக் கலக்குங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகமூடி வேண்டும். எதிர்காற்றில் அடிக்காதீர்கள். அடித்த சட்டையை வீட்டுத் துணியோடு போடாமல் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதைத் துவைப்பது வீட்டுப் பெண்கள்தான், அவர்கள் கையும் கை. வருடம் ஒருமுறை சாதாரண ரத்த எண்ணிக்கையும் கிரியேட்டினினும் பாருங்கள். உங்கள் வயதுக்கு அது எப்படியும் நல்லது.

கேள்வி: அப்பாவுக்கு எம்.ஜி.யு.எஸ். இருக்கிறது. எனக்கு 27 வயது, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா? இன்சூரன்ஸிலும் எழுத வேண்டுமா?
(பெருந்துறை)

பதில்: டெஸ்ட் வேண்டாம் அம்மணி. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும் என்பது சரிதான், ஆனால் 40 வயதுக்குக் கீழே இது மிக அபூர்வம், அபூர்வத்தை மூன்றால் பெருக்கினாலும் அபூர்வம்தான். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை, உங்களுக்கு நோய் இல்லை, அப்பாவுக்கும் நோய் இல்லை. இன்சூரன்ஸ் மட்டும் வேறு. அப்பாவுக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால் படிவத்தில் கேட்பதற்கு மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பின்னால் க்ளெய்ம் நிற்கும். தேவையில்லாமல் டெஸ்ட் எடுப்பதில் இப்படியொரு செலவும் இருக்கிறது, அதை எந்தப் பேக்கேஜ் விளம்பரத்திலும் போடுவதில்லை.

கேள்வி: மஞ்சள் சாப்பிட்டால் இந்தப் புரதம் குறையுமா?
(ஈரோடு)

பதில்: மஞ்சளில் உள்ள குர்குமினைக் கொடுத்துச் சின்ன அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மருந்தென்று எழுதிக்கொடுக்க அது போதாது. குழம்புக்குப் போடும் மஞ்சளைப் போட்டுச் சாப்பிடுங்கள், மஞ்சள் கேப்ஸ்யூலுக்கு மாதம் ஆயிரம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. ஆறு மாதமாக முதுகுவலி. படுத்தாலும் வலி, ராத்திரி திரும்பிப் படுக்க முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் வாரம் ஒரு ஊசி போடுகிறார்கள், அன்றைக்கு மட்டும் கேட்கிறது. களைப்பு என்று போனதில் ரத்தம் 8 கிராம்தான் இருக்கிறது என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். ஏறவில்லை. இந்தப் புரத டெஸ்ட் எடுக்கலாமா, அல்லது அதுவும் வேண்டாமா?
(காங்கேயம்)

பதில்: எடுக்க வேண்டும் அம்மா, இந்த வாரமே எடுக்க வேண்டும். மேலே சொன்ன ‘வேண்டாம்’ எதுவும் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. அது தொந்தரவு இல்லாதவர்களுக்கு. உங்கள் அம்மாவின் உடம்பு ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இது மைலோமாதான் என்று நான் சொல்லவில்லை. எலும்புத் தேய்மானமாக இருக்கலாம், முதுகெலும்பில் டிபியாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல், ஓய்வெடுத்தும் அடங்காத முதுகுவலியும் காரணம் தெரியாத ரத்தக் குறைவும் சேர்ந்து வந்தால் இந்த நோயை நினைத்தே ஆக வேண்டும். திரும்பத் திரும்ப நிமோனியா வருவது, லேசாக இடறியதற்கே எலும்பு முறிவது, சிறுநீரில் நுரை, சர்க்கரை இல்லாதவருக்குக் கால் மரத்துப்போவது, கிரியேட்டினின் ஏறுவது, ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் கீழே படியும் வேகம்) நூறைத் தாண்டுவது, மொத்தப் புரதம் அதிகமாக இருந்தும் அல்புமின் குறைவாக இருப்பது, இவையெல்லாம் இதே வீட்டுக் கதவுகள். நான் அரசு மருத்துவமனையில் இருந்தபோது ஒரு லேப் டெக்னீஷியன் அக்கா ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்துவிட்டு, ‘சார், சிவப்பணுவெல்லாம் காசு அடுக்கி வெச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குது, வந்து பாருங்க’ என்று கூப்பிட்டார். புரதம் கூடினால் அணுக்கள் அப்படி ஒட்டும். எட்டு மாதம் முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் ரத்தம் அது. மைலோமா என்று உறுதியானது. ஆரோக்கியமான ஆயிரம் பேரிடம் தேடுவதற்குக் காசு இருக்கும் ஊரில் அந்த ஒருவருக்கு எட்டு மாதம் யாரும் தேடவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதல் வேலை, அந்த வலி ஊசியையும் வலி மாத்திரையையும் நிறுத்துங்கள். மைலோமாவாக இருந்தால் அவை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தாங்க முடியாவிட்டால் டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால். மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப் போய், ரத்த எண்ணிக்கை, கிரியேட்டினின், கால்சியம், புரத எலக்ட்ரோபோரெசிஸ் (நாம் பேசிக்கொண்டிருக்கும் புரத டெஸ்ட் இதுதான்), ஃப்ரீ லைட் செயின், முதுகெலும்புப் படம் எல்லாம் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சிறுநீரில் குச்சி முக்கிப் பார்த்துவிட்டுப் புரதம் இல்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்தக் குச்சி முக்கியமாக அல்புமினைத்தான் காட்டும், இந்த நோயில் சிறுநீரில் இறங்கும் புரதம் பல சமயம் அதில் தெரியாது. ஒருவேளை அதுவாகவே இருந்தாலும் இன்றைக்கு போர்டெசோமிப், லெனலிடோமைட் போன்ற மருந்துகள் இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்பாகவே கிடைக்கின்றன, பல வருடம் நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

போகிற வழியில் பைக்கில் உட்கார வைக்காதீர்கள், குண்டும் குழியுமான ரோட்டில் முதுகெலும்புக்கு ஆகாது. காரோ ஆம்புலன்ஸோ பாருங்கள். கால் மரத்தாலோ, நடக்கத் தடுமாறினாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே 108-ஐக் கூப்பிடுங்கள்.